வைரசு சுமக்கும் மருந்து: மூளையைத் தொட மனிதனுக்கு உரிமை உண்டா?

கப்பர்நாகூம் நகரில் ஒரு வீட்டின் கூரை பிரிக்கப்பட்ட நிகழ்ச்சியைப் புனித மாற்கு எழுதிய நற்செய்தியில் நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். நடக்கமாட்டாத ஒருவனை நால்வர் படுக்கையோடு சுமந்து வருகின்றனர். வாசலில் சனக்கூட்டம், உள்ளே நுழைய வழியில்லை. அவர்கள் மனஞ்சலித்துத் திரும்பிப் போய்விடவில்லை. கூரைமேல் ஏறி, அதைப் பிரித்து, நோயாளியை ஆண்டவருடைய பாதத்தடியில் இறக்கிவிடுகின்றனர். வீட்டுக்காரன் என்ன சொன்னான் என்று நற்செய்தியாளர் எழுதவில்லை. ஆண்டவர் என்ன செய்தார் என்பதையே எழுதியிருக்கிறார். அந்த நால்வருடைய விசுவாசத்தைக் கண்ட அவர், நோயாளியின் பாவங்களை மன்னித்தார். பின்னர் அவனை எழுந்து நடக்கச் செய்தார்.

இந்நாளில் வேறொரு கூரை பிரிக்கப்படுகின்றது. அது மனிதனுடைய மண்டையோடு. அதன் வழியே வைத்தியர்கள் ஒரு மருந்தை மூளைக்குள் இறக்குகின்றனர். அம்மருந்து மாத்திரையுமன்று, வழமையான ஊசிமருந்துமன்று. நோய் பரப்பும் இனத்தைச் சேர்ந்த வைரசு ஒன்றினுள் மனிதப் பரம்பரையலகு ஒன்றை வைத்து, அந்த வைரசையே தூதனாக அனுப்புகின்றனர். இச்செய்தியைக் கேட்கும் கத்தோலிக்கப் பெற்றோர் மனதில் ஒரு கலக்கம் எழுவது இயல்பே. கடவுள் படைத்த மூளையை மனிதன் மாற்றலாமா? சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் இருப்பிடமெனக் கருதப்படும் உறுப்பில் கைவைப்பது சிருஷ்டிகருடைய இடத்தைப் பிடிக்கும் முயற்சியாகாதா? இவ்வினாவை அலட்சியம் செய்யாமல் ஆராய்வது நமது கடமை.

தாய்வான் நாட்டுப் பிள்ளைகள்

முதலில் நடந்ததை அறிவோம். தாய்வான் நாட்டில் ஒரு கொடிய பரம்பரை நோய் பிற நாடுகளிலும் பார்க்கக் கூடுதலாகக் காணப்படுகின்றது. ஏ.ஏ.டி.சி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் நொதியம் உடலில் சரிவர உண்டாகாமையே அந்நோய். அந்நொதியம் இல்லையேல் டோபமீன், செரட்டோனின் என்னும் பொருள்கள் மூளையில் போதிய அளவு உற்பத்தியாவதில்லை. ஒரு நரம்புக்கலம் அடுத்த நரம்புக்கலத்துக்குச் செய்தி அனுப்புவது இத்தகைய பொருள்களைக் கொண்டே. ஆகவே பிள்ளை பிறக்கும்போது கை, கால், முகம் யாவும் ஒழுங்காகவே இருக்கும். ஆனால் மாதங்கள் பல சென்றும் கழுத்து நிற்காது. நோய் கடுமையாயின், பிள்ளை உட்காராது, தவழாது, பேசாது. சில நாட்களுக்கு ஒருமுறை கண்கள் மேலே செருகி, உடல் முறுகி, மணித்தியாலக் கணக்கில் துன்புறும். அப்பிள்ளையைத் தோளிலே போட்டுக்கொண்டு இரவைக் கழிக்கும் தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

தேசிய தாய்வான் பல்கலைக்கழக வைத்தியசாலையில் வைத்திய நிபுணர் வூ-லியாங் ஹ்வூ அவர்களும் அவருடன் சேர்ந்தோரும் இத்தகைய பிள்ளைகள் நால்வருக்குச் செய்த சிகிச்சையின் முடிவை 2012ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பிள்ளைகளின் வயது 4 முதல் 6 வரை. படுக்கையில் கிடந்த அந்நால்வருள் ஒரு பிள்ளை 16 மாதங்களின் பின் எழுந்து நின்றது. ஏனைய மூன்று பிள்ளைகளும் பிறர் தாங்கிப் பிடிக்க உட்காரும் நிலையை அடைந்தன. இதுதானா பெரிய காரியம் என்று ஓடியாடும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கேட்கலாம். ஒருமுறையேனும் கழுத்து நிற்காதா என்று ஏங்கிய பெற்றோருக்கோ அது பெரிய கொடை.

சிகிச்சை நடைபெறும் முறை இதுதான். மண்டையோட்டில் சிறு துவாரங்கள் இடப்படுகின்றன. நுண்ணிய குழாய் ஒன்று மூளையின் ஆழத்திலுள்ள பூட்டமென் என்னும் பகுதிவரை செலுத்தப்படுகின்றது. வலப்புறம் இரண்டு இடங்களிலும் இடப்புறம் இரண்டு இடங்களிலும் மருந்து மிக மெதுவாக விடப்படுகின்றது. ஓரிடத்துக்கு 0.08 மில்லிலீற்றர், நான்கு இடங்களுக்குமாக 0.32 மில்லிலீற்றர். அஃது ஒரு சிறு தேக்கரண்டியின் கொள்ளளவில் 15இல் ஒரு பங்கிலும் குறைவு. அத்துளிக்குள் ஏறத்தாழ 18,000 கோடி வைரசுத் துணிக்கைகள் உள்ளன. இம்மருந்தை ஐரோப்பிய ஒன்றியம் 2022 யூலையிலும், ஐக்கிய அமெரிக்கா 2024 நவம்பரிலும் அங்கீகரித்தன. மூளைக்குள் நேரடியாகச் செலுத்தப்படும் பரம்பரையலகுச் சிகிச்சைகளுள் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற முதலாவது சிகிச்சை இதுவே.

கள்ளனின் திறப்பு

வைரசு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவன தடிமன், அம்மை, போலியோ, அண்மையில் உலகையே முடக்கிய கொவிட் முதலிய நோய்கள். அத்தகைய ஒன்றைக் குழந்தையின் மூளைக்குள் விடுவதா என்று திகைப்பது நியாயமே.

வைரசு ஒரு கள்ளனைப் போன்றது. பூட்டிய வீட்டைத் திறக்கும் வித்தை அதற்குத் தெரியும். உயிர்க்கலத்தின் சுவரில் தனக்கேற்ற வாசலைக் கண்டு உள்ளே நுழைந்து, தன் பரம்பரைப் பொருளை அங்கே இறக்கிவிடும். விஞ்ஞானிகள் செய்தது யாதெனில், கள்ளனிடமிருந்த திறப்பை எடுத்துக்கொண்டு கள்ளனை வெளியே நிறுத்தியதேயாகும். வைரசின் வெளியுறையை வைத்துக்கொண்டு, அதனுள்ளிருந்த சொந்தப் பரம்பரையலகுகளை அகற்றி, அவ்விடத்தில் நோயாளிக்குத் தேவையான மனிதப் பரம்பரையலகை வைக்கின்றனர். இவ்வாறு மாற்றப்பட்ட வைரசைக் காவி என்பர். மருந்தைக் காவிச் செல்வதால் அப்பெயர் பொருத்தமானதே. உள்ளே சென்றபின் அது பெருகுவதில்லை. கொண்டுவந்ததைக் கொடுப்பதோடு அதன் வேலை முடிகின்றது.

மூளைச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் பயன்படுவது அடினோ சார்ந்த வைரசு. 1965இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அடினோ வைரசு என்னும் வேறொரு வைரசை ஆராய்ந்தபோது, தங்கள் மாதிரிகளில் வேண்டாத அழுக்காகக் கலந்திருந்த இதைக் கண்டனர். 40,000 துணிக்கைகளை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீற்றர் நீளம் வரும், அவ்வளவு சிறியது. வேறொரு வைரசின் துணையின்றி இதனால் பெருக முடியாது. மனிதருக்கு எந்த நோயையும் உண்டாக்குவதாகவும் இது அறியப்படவில்லை. ஆய்வுகூடத்தில் கழிவாகத் தோன்றிய ஒன்று பல ஆண்டுகளின் பின் பிள்ளைகளை எழுந்து நிற்கச் செய்யும் கருவியாயிற்று. படைப்பில் பயனற்றது எனத் தள்ளத்தக்கது எதுவும் உண்டோ என்று நாம் சற்று நின்று சிந்திக்கலாம்.

மண்டையோட்டைத் துளைக்க வேண்டியது ஏன்? மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய்களின் சுவர்க்கலங்கள் மிக நெருக்கமாக இணைந்து காவலரண்போல் நிற்கின்றன. நஞ்சைத் தடுக்கும் அக்காவல் மருந்தையும் தடுத்துவிடுகின்றது. எனினும் இவ்வைரசின் 9ஆம் வகை குருதியின் வழியே அக்காவலைக் கடக்க வல்லது என்று 2009இல் அமெரிக்காவின் ஒகையோ மாநில ஆய்வாளர்கள் இளம் எலிகளில் காட்டினர். அவ்வழியில் உருவான மருந்தே, முண்ணாணின் நரம்புக்கலங்கள் அழிந்து குழந்தைகள் மூச்செடுக்கவும் மாட்டாமல் இறக்கும் நோய்க்கு 2019இல் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட சோல்ஜென்ஸ்மா. அதற்கு மண்டையோட்டைத் திறக்க வேண்டியதில்லை. நாளத்தில் ஏற்றினால் போதும்.

ஆன்மாவைத் தொடுகிறோமா?

இனி நமது வினாவுக்கு வருவோம். மூளையைத் திருத்துவது ஆன்மாவைத் திருத்துவதாகுமா?

வீணை உடைந்தால் வித்துவானால் வாசிக்க முடியாது. வீணையைத் திருத்துவதால் வித்துவான் மாறிவிடுவதில்லை என்று ஞானோபதேச வகுப்பில் உவமை சொல்வதுண்டு. நல்ல உவமைதான், ஆனால் போதாது. வித்துவான் வீணையை வைத்துவிட்டு எழுந்து போகலாம். மனிதனுடைய ஆன்மாவோ உடலுக்குள் குடியிருக்கும் வாடகைக்காரன் அன்று. ஆன்மா உடலுக்கு உயிரும் உருவும் தருவது. அது மூளையின் ஒரு மூலையில் ஒளிந்திராமல் உடல் முழுவதிலும், அதன் ஒவ்வொரு பாகத்திலும் முழுமையாக இருப்பது என்று புனித தோமாஸ் அக்குவினாஸ் போதித்தார். இப்போதனையை விளங்கிக்கொண்டால் இரண்டு தவறான எண்ணங்கள் நீங்கும். மூளையைத் தொட்டால் ஆன்மாவையே கையால் பிடித்துவிட்டோம் என்ற பயம் நீங்கும். அதேவேளை, மூளையும் வெறும் இயந்திரம்தானே, எப்படியும் கையாளலாம் என்ற துணிவும் நீங்கும். ஏனெனில் நாம் தொடுவது பொருளையன்று, ஓர் ஆளை.

தாய்வானில் எழுந்து நின்ற பிள்ளை சிகிச்சைக்கு முன்னரும் அதே பிள்ளைதான். தாயின் குரலைக் கேட்டுச் சிரிக்க இயலாமல் இருந்தபோதும் அது அழியாத ஆன்மாவோடுதான் இருந்தது. சிகிச்சை அப்பிள்ளைக்கு ஆன்மாவைக் கொடுக்கவில்லை. முன்னரே இருந்த ஆள் வெளியே வருவதற்கு அடைபட்டிருந்த வாசலைத் திறந்துவிட்டது.

திருச்சபையின் போதனை

இவ்விடயத்தில் திருச்சபை விஞ்ஞானத்தின் வாசலில் தடியோடு நிற்பதாகச் சிலர் நினைக்கின்றனர். உண்மை வேறு. 1983 ஒக்டோபரில் உலக வைத்தியர் சங்கத்தினருக்கு உரையாற்றிய திருத்தந்தை 2ஆம் அருளப்பர் சின்னப்பர், பரம்பரைக் குறைகளால் வரும் நோய்களைத் தீர்க்கும் நோக்கமே கொண்ட சிகிச்சை, மனிதனுடைய முழுமைக்கு ஊறு செய்யாது அவனது உண்மையான நலனை நாடுமாயின், கொள்கையளவில் விரும்பத்தக்கதே எனப் போதித்தார். 2008இல் விசுவாசக் கோட்பாட்டுச் சபை வெளியிட்ட ஏடு இதனை மேலும் தெளிவாக்கியது. நோயாளியின் உடற்கலங்களில் மட்டும் செய்யப்படும் பரம்பரையலகுச் சிகிச்சை கொள்கையளவில் ஒழுக்கத்துக்கு ஏற்றது. பிறக்கப்போகும் சந்ததிகளுக்கும் மாற்றத்தைக் கடத்தும் முறையோ, அதன் ஆபத்துக்கள் கட்டுக்கடங்காத இன்றைய நிலையில், ஏற்கத்தக்கதன்று. சுகதேகிகளை மேலும் வல்லவராக்கும் நோக்கில் செய்யப்படும் மாற்றமும் கண்டனத்துக்குரியது.

பூட்டமென் பகுதியில் விடப்படும் மருந்து அந்நரம்புக்கலங்களுக்கானது. அப்பிள்ளையின் பிள்ளைகளை அது மாற்றாது. எனவே முதற்கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. தொடலாம். நோயுற்ற மூளையைக் குணமாக்கும் கை கடவுளோடு போட்டியிடும் கையன்று. அவரோடு ஒத்துழைக்கும் கையே.

ஆனால் ஒழுக்கப் பிரச்சினை இத்துடன் முடிவதில்லை. உண்மையில் இங்கேதான் தொடங்குகின்றது. தொடலாமா என்று கேட்டவர்கள், யாருக்காகத் தொடுகிறோம் என்று கேட்க மறந்துவிடுகின்றனர். பாவம் நுழைவது அந்த மறதியின் வழியாகவே.

1952 செப்ரெம்பரில், நரம்பு மண்டல நோய்களை ஆராயும் நிபுணர்கள் உரோமையில் கூடியபோது, திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் அவர்களுக்கு ஆழ்ந்த உரையொன்று நிகழ்த்தினார். யுத்தகாலத்தில் வைத்தியரென்போர் கைதிகள்மீது செய்த கொடிய பரிசோதனைகள் நீதிமன்றத்தில் வெளிவந்து சில ஆண்டுகளே சென்றிருந்தன. விஞ்ஞான அறிவு நல்லது. ஆனால் அதுவே எல்லாவற்றிலும் மேலான நன்மை அன்று என்று அவர் உணர்த்தினார். நோயாளி தன் உடலுக்குப் பொறுப்பாளனேயன்றி முழு எசமானன் அல்லன். அவனுக்கே இல்லாத உரிமையை அவன் வைத்தியருக்குக் கொடுக்க முடியாது. கைவிரல் உடலுக்காக இருப்பதுபோல் மனிதன் சமூகத்துக்காக இருப்பவன் அல்லன். ஆகையால் பலருக்கு நன்மை வருமென்று சொல்லி ஒருவனைப் பலியாக்க எந்த அரசுக்கும் அதிகாரமில்லை. 70 ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் இப்போதனை இன்றைய ஆய்வுகூடங்களுக்கென்றே சொல்லப்பட்டது போலிருக்கிறது.

மறைக்கப்பட்ட உண்மை

இப்போதனை மீறப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. அது மூளைச் சிகிச்சையன்று. ஈரலுக்குச் செய்த பரிசோதனை. ஆனால் வைரசுக் காவிகளின் வரலாற்றில் அதை மறைத்து எவரும் பேச முடியாது.

ஜெஸி கெல்சிங்கர் என்னும் அமெரிக்க இளைஞருக்கு வயது 18. உடலில் அமோனியா சேரும் பரம்பரை நோய் அவருக்கு இருந்தது. ஆயினும் உணவுக் கட்டுப்பாட்டாலும் மருந்தாலும் அவர் ஓரளவு சுகமாகவே வாழ்ந்தார். இதே நோய் கடுமையாகத் தாக்கிப் பச்சைக் குழந்தைகள் இறப்பதுண்டு. அக்குழந்தைகளுக்கு உதவும் என்று எண்ணி, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் நடந்த பரிசோதனைக்கு அவர் தம்மை ஒப்புக்கொடுத்தார். 1999 செப்ரெம்பர் 13இல் அடினோ வைரசுக் காவி அவருடைய ஈரலுக்குச் செல்லும் நாடியில் ஏற்றப்பட்டது. உடலின் எதிர்ப்புச் சக்தி கட்டுமீறிக் கொந்தளித்தது. 17ஆம் திகதி அவர் இறந்தார்.

பின்னர் நடந்த விசாரணைகளில் வெளிவந்தவை கசப்பானவை. இதையொத்த காவியைப் பெற்ற குரங்குகள் இறந்த செய்தி அவர் கையொப்பமிட்ட சம்மதப் பத்திரத்தில் இருக்கவில்லை. ஆய்வின் தலைவருக்கு அத்துறையைச் சார்ந்த கம்பனி ஒன்றில் பணத் தொடர்பும் இருந்தது. முன்பின் அறியாத குழந்தைகளுக்காகத் தம் உடலைக் கொடுத்த அந்த இளைஞரிடம் நாம் காண்பது கிறிஸ்தவ அன்பின் சாயல். குற்றம் அவருடைய கொடையில் இல்லை. அக்கொடையைப் பெற்றவர்கள் முழு உண்மையையும் அவர் முன் வைக்காமையில் இருக்கிறது. உண்மை அறியாமல் கொடுக்கும் சம்மதம் சம்மதமாகாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதலில் மரணத் தறுவாயிலுள்ள குழந்தைகளிடமே இதைச் சோதிக்க எண்ணினர். அந்நிலையிலுள்ள பிள்ளையின் பெற்றோர் துயரத்தின் நெருக்குதலால் எதற்கும் தலையசைப்பர், அது சுயாதீனமான சம்மதமாகாது என்று கருதியே வயதுவந்தோரைத் தேர்ந்தனர். மூழ்குகிறவன் வைக்கோலையும் பற்றுவான் என்பது உண்மை. ஆயின், பெற்றோரின் கண்ணீரையே காரணம் காட்டி அவர்களுடைய சம்மதத்துக்கு மதிப்பில்லை என்று முற்றாக ஒதுக்கலாமா? ஒதுக்கினால் எந்த நோயுற்ற குழந்தைக்கும் புதிய மருந்து கிடைக்காது. நியாயமான வழி ஒன்றுண்டு. பெற்றோருக்கு எல்லாவற்றையும் விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும். சிந்திக்க அவகாசம் கொடுக்க வேண்டும். ஆய்வால் எந்த ஆதாயமும் பெறாத வேறொரு வைத்தியரின் ஆலோசனையை அவர்கள் பெற வழிசெய்ய வேண்டும். வேண்டாம் என்று சொல்பவர்கள்மீது முகம் கோணக் கூடாது.

பாவனைச் சத்திரசிகிச்சை

மூளைச் சிகிச்சையில் இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. மருந்து உண்மையில் வேலை செய்கிறதா, அல்லது நம்பிக்கையால் நோயாளி தேறியதாக உணர்கிறாரா என்று அறிய, ஒரு பகுதியினருக்கு மருந்தில்லாத மாத்திரை கொடுத்துப் பார்ப்பது வழக்கம். ஆனால் மண்டையோட்டைத் துளைத்துக் கொடுக்கும் மருந்துக்கு என்ன செய்வது?

கைகால் நடுங்கும் பாக்கின்சன் நோயாளருக்குச் செய்த ஆய்வு ஒன்றின் முடிவு 2010இல் வெளியாயிற்று. 58 பேர் பங்குபற்றினர். 38 பேருக்குக் காவி செலுத்தப்பட்டது. மற்ற 20 பேருக்கும் மயக்கமருந்து கொடுத்து, மண்டையோட்டை முழுவதும் ஊடுருவாமல் பாதியளவு துளைத்து, மருந்து விடாமலே தைத்து அனுப்பினர். எவர் எந்தப் பகுதியில் இருந்தார் என்று நோயாளருக்குத் தெரியாது. 12 மாதங்களின் பின் இரு பகுதியினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை!

இது சரியா, பிழையா? சுகமாக்காத காயத்தை வேண்டுமென்றே உண்டாக்குவது வைத்திய தர்மமா என்று ஒருவர் கேட்பார். அந்த 20 பேர் இல்லாவிடின் பயனற்ற ஒரு சிகிச்சை ஆயிரக்கணக்கானோரின் மூளைக்குள் செலுத்தப்பட்டிருக்குமே என்று மற்றவர் பதில் சொல்வார். இருவர் பேச்சிலும் உண்மை உண்டு. எமது கருத்து இது: வயதுவந்த ஒருவர், தமக்கு மருந்து கிடைக்காமலும் போகலாம் என்பதை முன்கூட்டியே நன்கு அறிந்து, ஆபத்துச் சிறிதாயிருக்க, பிறர் நன்மைக்காக ஒப்புக்கொடுத்தால், அதை ஏமாற்று எனச் சொல்ல முடியாது. உடன்பிறந்தவருக்குத் தம் சிறுநீரகம் ஒன்றைக் கொடுப்பவரும் தம் நலனுக்காகக் காயமேற்பதில்லையே. ஆனால் குழந்தையின் நிலை வேறு. தன்னைக் கொடையாக்க அதற்கு அறிவுமில்லை, வாக்குமில்லை. பெற்றோர் பிள்ளையின் எசமானர் அல்லர். பிள்ளையின் நன்மைக்குப் பொறுப்பாளர் மாத்திரமே. தம்முடையதல்லாத உடலைப் பிறருக்காகக் காயப்படுத்தச் சம்மதிக்க அவர்களுக்கு உரிமையில்லை.

தாய்வான் வைத்தியர்கள் இவ்விடயத்தில் நல்ல வழி காட்டினர். அங்கே எந்தப் பிள்ளையின் மண்டையோடும் பாவனைக்காகத் துளைக்கப்படவில்லை. சிகிச்சை பெறாத பிள்ளைகள் எவ்வாறு வளர்ந்தனர் என்ற குறிப்புகளோடு ஒப்பிட்டே பயனை அறிந்தனர். ஒருபோதும் கழுத்து நிற்காத நோயில், கழுத்து நின்றதே போதிய சான்றன்றோ!

அன்றியும், இக்காவிகள் பொதுவாக ஒருமுறைக்கே உரியன. குருதியில் ஒருமுறை ஏற்றியதும் உடல் அவ்வைரசுக்கு எதிரான பிறபொருளெதிரிகளை உண்டாக்கிவிடும்; அதே மருந்தை மறுமுறை ஏற்றுவது பெரும்பாலும் இயலாது. செலுத்திய பரம்பரையலகைத் திருப்பி எடுக்கவும் முடியாது. எனவே அளவு பார்ப்பதற்காகக் குறைந்த அளவு மருந்தை முதலில் பெறும் பிள்ளை, பின்னர் வரும் நல்ல மருந்தைப் பெறும் வாய்ப்பை இழந்துவிடலாம். 2022இல் சோல்ஜென்ஸ்மா பெற்ற இரு பிள்ளைகள் ஈரல் செயலிழந்து இறந்தனர் என்பதையும் மறைக்கக் கூடாது. இவற்றையெல்லாம் பெற்றோருக்கு முன்னரே சொல்வது தயவன்று, கடன்.

பிள்ளைகளுக்குக் குலுக்கலா?

இனி விலையைப் பார்ப்போம். சோல்ஜென்ஸ்மா 2019இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது ஒரு பிள்ளைக்கான விலை 21 இலட்சத்து 25 ஆயிரம் டொலர். மருந்து அங்கீகரிக்கப்படாத நாடுகளிலுள்ள பிள்ளைகளுக்காக, 2020ஆம் ஆண்டில் 100 பேர் வரை இலவசமாகப் பெறலாம் என நோவாட்டிஸ் கம்பனி அறிவித்தது. யார் பெறுவது? தகுதியுள்ளோரின் விண்ணப்பங்களிலிருந்து எழுந்தமானமாகத் தெரிவுசெய்யும் ஏற்பாடு வகுக்கப்பட்டது. இன்னார் இனியார் என்ற பாகுபாடு வராதிருக்க இதுவே நீதியான வழி என்று சொல்லப்பட்டது. உயிருக்குக் குலுக்கலா என்று நோயாளர் சங்கங்கள் வருந்தின.

நாம் நியாயமாகப் பேசுவோம். 100 மருந்துகளே இருந்து 1,000 பிள்ளைகள் காத்திருந்தால், பணத்தைப் பார்த்துக் கொடுப்பதிலும் சீட்டுப் போடுவது மேல். ஆராய்ச்சிக்குப் பெருஞ்செலவு உண்டு. நோயாளர் தொகை சிறிது. செலவு செய்தவர் அதைத் திரும்பப் பெற விரும்புவது பாவமுமன்று. ஆயினும் அம்மருந்தை உண்டாக்கியது கம்பனியின் முதல் மட்டுமா? பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் பொதுப்பணத்தால் நடந்த பல்லாண்டு உழைப்பு அதில் உண்டு. ஆபத்தை ஏற்று முதன்முதலில் பரிசோதனைக்கு வந்த குடும்பங்களின் துணிவும் உண்டு. தனியார் சொத்துரிமை எல்லையற்றதன்று, பூமியின் நன்மைகள் எல்லா மக்களுக்கும் உரியன என்று திருத்தந்தை 6ஆம் சின்னப்பர் 1967இல் உலகுக்கு நினைவூட்டினார். வயலுக்கும் தொழிற்சாலைக்கும் பொருந்தும் அப்போதனை, குழந்தையின் உயிரைக் காக்கும் மருந்துக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தாதோ? சீட்டில் பெயர் வராத பிள்ளையின் தாய் விதியை நோவாள். அந்தச் சீட்டை வேண்டியதாக்கிய விலையை நோவது நமது பங்கு.

நமது வீடுகளுக்கு

இவை தூரதேசத்துச் செய்திகள் என்று தாளை மடித்து வைத்துவிட வேண்டாம். ஏ.ஏ.டி.சி. குறைபாடு போன்ற நோய்கள் பிள்ளையைத் தாக்குவது, தாய் தந்தை இருவரிடமும் அதே பழுதுபட்ட பரம்பரையலகு மறைந்திருக்கும்போதே. அவ்வாறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு 4இல் 1. நெருங்கிய இரத்த உறவினர் மணம் முடிக்கும்போது இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்புக் கூடுகின்றது. எம்மவரிடையே மச்சான் மச்சாள் கலியாணம் பழைய வழக்கம். திருச்சபைச் சட்டம் இதனைத் திருமணத் தடைகளுள் ஒன்றாக வைத்து, விதிவிலக்குப் பெற்றே செய்யலாம் என்று கட்டளையிட்டிருக்கிறது. காணியும் சீதனமும் வெளியே போகக்கூடாது என்ற ஒரே காரணத்துக்காக அவ்விதிவிலக்கைக் கேட்கப் போகும் பெரியவர்கள், வைத்தியரின் ஆலோசனையையும் ஒருமுறை கேட்டுவிட்டுப் போவது நலம்.

இன்னொரு சோதனையும் நம் வாசலுக்கு வரலாம். 1999இல் அமெரிக்க விஞ்ஞானிகள் பரம்பரையலகு ஒன்றைக் கூட்டி ஞாபகசக்தி மிகுந்த எலிகளை உண்டாக்கினர். நாளை இதேபோன்ற காவியால் பிள்ளையின் ஞாபகசக்தியைக் கூட்டலாம் என்று யாராவது சொன்னால், புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பிள்ளையை இரவிரவாக ரியூசனுக்கு அனுப்பும் நாங்கள் என்ன சொல்வோம்? திருச்சபை இட்ட கோடு எங்கே இருக்கிறதென்று அப்போது நினைவுக்கு வர வேண்டும். நோயைத் தீர்ப்பது பிள்ளையை அப்படியே ஏற்றுக்கொண்டு அதற்கு உதவுவது. சுகமான பிள்ளையை நம் ஆசைக்கேற்ப மாற்றுவது, நீ இருக்கிறபடி எங்களுக்குப் போதாது என்று அதற்குச் சொல்வது.

கடைசியாக, மருந்து எட்டாத பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் நமது பங்குகளிலும் இருக்கிறார்கள். கோவிலுக்குக் கொண்டுவந்தால் சனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று வீட்டு அறைக்குள்ளேயே வைத்து வளர்க்கப்படும் பிள்ளைகள் உண்டு. அளவுக்கு மிஞ்சிய பாரமும் ஆபத்தும் உள்ள சிகிச்சையை ஏற்க வேண்டுமென்று திருச்சபை எவரையும் கட்டாயப்படுத்தியதில்லை. இதை 12ஆம் பத்திநாதர் 1957இலேயே விளக்கியிருக்கிறார். ஆகவே கடல்கடந்து கோடிக்கணக்கில் செலவழித்துச் சிகிச்சை செய்ய முடியவில்லையே என்று எந்தத் தாயும் தந்தையும் தம்மைக் குற்றவாளியாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் சுமப்பதிலிருந்து நம்மில் எவருக்கும் விடுதலை இல்லை.

கப்பர்நாகூமில் அந்தக் கட்டிலுக்கு நான்கு முனைகள் இருந்தன. ஒரு முனையைத் தகப்பன் பிடிக்கலாம்; ஒரு முனையைத் தாய் பிடிக்கலாம். உண்மையை மறைக்காத வைத்தியர் மூன்றாவது முனையைப் பிடிக்கட்டும். நான்காவது முனை அயலவருக்கும் பங்கு மக்களுக்கும் உரியது. கூரையைப் பிரிக்கும் திறமையை விஞ்ஞானம் பெற்றுவிட்டது. அதற்காக இறைவனுக்கு நன்றி கூறுவோம். ஆனால் அன்று ஆண்டவர் பார்த்தது, கூரை எவ்வளவு நேர்த்தியாகப் பிரிக்கப்பட்டது என்பதையன்று. யாருக்காகப் பிரித்தார்கள் என்பதையே. இன்றும் அவர் அதையே பார்க்கிறார். நமது பங்கில் அந்த நான்காவது முனை நிலத்தில் இழுபடாதிருக்கட்டும்.